அறுக்காமல் விட்ட மூலை

வெள்ளிக்கிழமை இரவு யூத வீட்டு மேசைக்கு வரும் ரொட்டியின் கதையைச் சொல்லப் புகுந்தால், ரொட்டியாகவே ஆகாத கோதுமையிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பெத்லகேமைச் சுற்றியுள்ள மேட்டு நிலம். பஸ்கா சமயத்தில் வாற்கோதுமை அறுப்பு தொடங்கும். ஏழு வாரம் போனால் கோதுமையும் பழுத்துத் தலைசாய்ந்துவிடும். அரிவாளோடு இறங்கிய ஆட்கள் வயலின் கடைசி ஓரத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். மூலையில் கதிர் இன்னும் நிற்கிறது. உழுததும் விதைத்ததும் நிலக்காரன்தான். ஆனாலும் அந்த மூலை அவனுடையது இல்லை. ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் உரியது என்று வேதநூலான லேவியராகமம் விதித்துவிட்டது. எபிரேய மொழியில் அதற்குப் ‘பேயா’ என்று பெயர். மூலை என்றுதான் பொருள்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின் முதல் பிரிவுக்கு ‘விதைகள்’ என்று பெயர். அதில் ஒரு நூல் முழுக்க இந்த மூலையைப் பற்றித்தான். விட வேண்டிய பங்கு அறுபதில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. வயல் எவ்வளவு பெரியது, ஊரில் ஏழைகள் எத்தனை பேர் என்று பார்த்து அதற்கு மேலும் விடலாம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. சரி, ஏன் வயலின் கடைசியில் விட வேண்டும்? நடுவில் எங்காவது விட்டால் ஆகாதா? ரபி சிமியோன் என்ற சட்ட அறிஞர் இதற்குச் சொன்ன காரணங்கள் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தன. நடுவில் விட்டால், ஆள் அரவம் இல்லாத நேரம் பார்த்து நிலக்காரன் தன் உறவுக்கார ஏழைக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம். அது ஒன்று. இன்னொன்று, எப்போது விடுவாரோ, எந்த இடத்தில் விடுவாரோ என்று ஏழை நாள் முழுக்க வரப்பில் காத்துக் கிடக்க நேரும். ஏழையின் பொழுதை வீணாக்குவதும் ஒரு குற்றம் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மூலையைத் திறந்துவிடுவது நாளுக்கு மூன்று வேளை. காலை, நண்பகல், மாலை. காலை வேளை கைக்குழந்தைக்காரிகளுக்கு, நண்பகல் சிறுவர்களுக்கு, மாலை தள்ளாடி வரும் முதியவர்களுக்கு என்று மிஷ்னாவுக்கு எழுந்த விரிவுரையான எருசலேம் தால்மூத் விளக்குகிறது. அரிவாளோ மண்வெட்டியோ கொண்டுவரக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். நெரிசலில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டுவிடக் கூடாதே!

அறுக்கும்போது கை தவறி விழுந்த கதிர் ஒன்றோ இரண்டோ என்றால் அது பின்னால் வரும் ஏழைக்கு. மூன்றாக விழுந்தால் நிலக்காரனுக்கு. கட்டிவைத்த அரிக்கட்டு ஒன்றை வயலிலேயே மறந்துவிட்டு வீடு வந்தாலும் திரும்பிப்போய் எடுக்கக்கூடாது. அதுவும் ஏழைக்குத்தான். மறந்துபோன கட்டைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. பக்திமான் ஒருவர் ஒருநாள் வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டார். நினைவு வந்ததும் மகனைக் கூப்பிட்டு, நன்றிப் பலி கொடுக்கக் காளைகளைக் கொண்டுபோகச் சொன்னார். மகனுக்குப் புரியவில்லை. எத்தனையோ கட்டளைகளை நிறைவேற்றியபோதெல்லாம் இப்படிக் கொண்டாடாத அப்பா இதற்கு ஏன் இவ்வளவு மகிழ்கிறார்? அவர் சொன்ன விளக்கம் இதுதான்: மற்றதையெல்லாம் நினைத்துச் செய்துவிடலாம். இந்த ஒன்றை மட்டும் நினைத்துச் செய்ய முடியாது, மறந்தால்தான் செய்ய வாய்க்கும். உணவில் கவனம் வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறோம். மனிதனின் கவனக்குறைவுக்கும் ஓர் உரிமையாளரை நியமித்துவைத்த இந்தச் சட்டத்தைப் போல நான் வேறெங்கும் படித்ததில்லை.

இப்படிச் சிந்திய கதிரைப் பொறுக்கத்தான் மோவாப் நாட்டிலிருந்து வந்த விதவை ரூத், போவாஸ் என்ற நிலக்காரனின் வயலில் இறங்கினாள். மாமியார் நகோமிக்கும் தனக்கும் அன்றன்றைய பாட்டுக்கு வேறு வழியில்லை. வாற்கோதுமை அறுப்பில் தொடங்கி கோதுமை அறுப்பு முடியும்வரை பொறுக்கினாள். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயருக்கே ரொட்டியின் வீடு என்று பொருள். வேற்று நாட்டுக்காரியான அவளுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா. கோதுமை அறுப்புத் திருநாளான சாவுவோத் அன்று ஜெப ஆலயங்களில் அவள் கதையைத்தான் வாசிக்கிறார்கள்.

கதிர் களத்துக்கு வருகிறது. மாடுகள் சுற்றிச் சுற்றி மிதிக்கின்றன. போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடக்கூடாது என்பது உபாகமத்தின் கட்டளை. காலடியில் கிடக்கும் தானியத்தை முகர்ந்துகொண்டே பட்டினியாக நடக்கும் மாட்டின் தவிப்பைக் களத்து மேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டளையை விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்குச் சொன்னது ஆளுக்கும் உண்டு. அறுவடைக் கூலியாள் வேலை செய்யும் நேரத்தில் அந்தப் பயிரிலிருந்தே தன் வயிற்றுக்கு எடுத்துச் சாப்பிடலாம். அதைக் கூலியில் கழிக்கவும் கூடாது. வீட்டில் வளர்க்கும் பிராணிக்குத் தீனி வைக்காமல் தான் உண்ண உட்காரக் கூடாது என்பது தால்மூத் ஆசிரியர்களின் விதி.

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பின் வந்த நூற்றாண்டுகளில் யூதர்கள் பாக்தாத், கெய்ரோ, கோர்டோபா, வில்னா என்று சிதறினார்கள். பல நாடுகளில் அவர்கள் நிலம் வாங்கவே தடை இருந்தது. மூலை விடுவதற்கு வயலே இல்லாதவர்கள் ஆனார்கள். வயலின் சட்டங்கள் மூட்டை கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். சந்தையில் வாங்கிய மாவாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு வயல் இருந்தது என்பதை மறக்கவிடாத ஏற்பாடுகள் சமையலறையில் நிலைத்துவிட்டன.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள் 39 என்று மிஷ்னா பட்டியலிடுகிறது. அதன் முதல் பதினொன்றைப் படித்தால் சட்டப் புத்தகம் மாதிரியே இருக்காது. விதைப்பது, உழுவது, அறுப்பது, கட்டுவது, போரடிப்பது, தூற்றுவது, கல் பொறுக்குவது, அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது. ஒரு ரொட்டியின் வாழ்க்கை வரலாறே அங்கே இருக்கிறது. (உழுவதற்கு முன்னால் விதைப்பு வருவது பிழையல்ல. அந்த நாட்டில் விதைத்துவிட்டு மறுபடி உழுவார்கள் என்று தால்மூத் சொல்கிறது.) பென் ஸோமா என்ற அறிஞர் இந்தப் பட்டியலையே தன் நன்றியாக மாற்றிக்கொண்டார். முதல் மனிதன் ஆதாம் ஒரு வாய் ரொட்டி தின்ன இத்தனை வேலையையும் தானே செய்ய வேண்டியிருந்ததாம். தானோ காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் முன்னால் ஆயத்தமாக இருக்கிறது என்று வியந்தார். நல்ல விருந்தாளி, தனக்காக வீட்டுக்காரர் எவ்வளவு சிரமப்பட்டார் என்று எண்ணிப் பார்ப்பான். கெட்ட விருந்தாளி, நான் தின்றது ஒரு துண்டு ரொட்டி, அவர் பட்ட பாடெல்லாம் தன் பெண்டாட்டி பிள்ளைக்காகத்தானே என்பான். இதுவும் பென் ஸோமா சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமைக் காலை. மாவைச் சலிக்கிறார்கள். புழுவோ வண்டோ ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது. முட்டைகளை நேரே மாவில் உடைப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள். பாலோ வெண்ணெயோ போடுவதில்லை. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் கூடக்கூடாது என்பதால், எந்தச் சாப்பாட்டோடும் சேரும்படி ரொட்டி பொதுவாக இருக்க வேண்டும். எண்ணெய், வெதுவெதுப்பான நீர், ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை. மாவைப் பிசைந்து உப்பவிட்டு, உப்பி வந்ததும் ஒரு காரியம் செய்கிறார்கள். நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி எடுத்து, வாழ்த்துச் சொல்லி, தனியே வைக்கிறார்கள். ஹல்லா என்பது உண்மையில் இந்தக் கிள்ளலின் பெயர். பின்னல் போட்ட அந்த அழகான ரொட்டிக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

ஆலயம் இருந்த காலத்தில் அது குருவுக்குப் போன பங்கு. வீட்டில் பிசைந்த மாவென்றால் இருபத்து நான்கில் ஒன்று, கடைக்காரர் பிசைந்ததென்றால் நாற்பத்தெட்டில் ஒன்று. நிலமில்லாத குருமார் குடும்பத்தார் இப்படி வந்த மாவில்தான் ரொட்டி சுட்டார்கள். இன்று அதை வாங்கிக்கொள்ள ஆலயமும் இல்லை, பணிபுரியும் குருவும் இல்லை. ஆனாலும் கிள்ளுகிறார்கள். மாவு ஏறத்தாழ 1 கிலோ 200 கிராமைத் தாண்டினால் கிள்ள வேண்டும். ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குப் போனால் வாழ்த்தும் சொல்ல வேண்டும். இந்த அளவுகளில் ரபிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கிள்ளிய உருண்டையைத் தகரத்தாளில் சுற்றி அடுப்பில் கரியாகும்வரை எரித்துவிடுகிறார்கள். யாருக்கும் போகாத பங்கை எதற்கு எடுக்க வேண்டும் என்று முதலில் எனக்குத் தோன்றியது. மாவு முழுவதும் என்னுடையதுதான் என்று ஒரு முறையாவது நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு மூலை விடுவதற்கு வயல் கிடைத்தாலும் கை வராது என்றுதான் இப்போது படுகிறது.

அடுப்பைப் பற்றிப் பேசும்போது ஹனினா பென் தோசாவின் மனைவியைச் சொல்லாமல் போக முடியாது. முதலாம் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த பரம ஏழைக் குடும்பம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் அடுப்பில் எதையாவது போட்டுப் புகைய விடுவார். ரொட்டி சுட மாவில்லை என்று அக்கம்பக்கம் அறிந்துவிடக் கூடாது என்ற மானம். வம்புக்காரி ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்பது தெரியும், பிறகு புகை எதற்கு என்று பார்த்துவிட வந்து கதவைத் தட்டினாள். வீட்டுக்காரி வெட்கத்தில் உள்ளறைக்குப் போய்விட்டார். வந்தவள் பார்த்தால் அடுப்பு நிறைய ரொட்டி, தொட்டி நிறைய மாவு. சீக்கிரம் துடுப்பைக் கொண்டுவா, ரொட்டி கருகுகிறது என்று கத்தினாள். அதை எடுக்கத்தான் உள்ளே வந்தேன் என்று பதில் வந்தது. தால்மூத் சொல்லும் இந்த அற்புதத்தில் எனக்குப் பிடித்தது ரொட்டி வந்ததுகூட இல்லை. ஏழைப் பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக ஓர் அற்புதம் நடக்கலாம் என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் நம்பினார்களே, அதுதான்.

சூரியன் சாய்கிறது. மேசையில் இரண்டு ரொட்டிகள். பாலைவனத்தில் மன்னா என்ற வானத்து உணவு பொழிந்த காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்ததன் நினைவு. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. மன்னாவைப் பனி மேலும் கீழும் மூடியிருந்ததாம். துணிக்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். மற்ற வேளைகளில் முதல் வாழ்த்து ரொட்டிக்கு. இன்றிரவோ திராட்சை ரசத்துக்கு. தன்னைத் தள்ளிவிட்டு இன்னொன்றுக்கு மரியாதை நடப்பதைக் கண்டு ரொட்டி வருந்தக்கூடாது என்று மூடி வைக்கிறார்கள். உணர்ச்சியற்ற மாவுக்கே முகம் வாடக்கூடாது என்று துணி போர்த்துகிற வீட்டில், அந்த ரொட்டியைச் சுட்டவளிடம் யாரும் குரலை உயர்த்திவிட முடியாது.

பிறகு கை கழுவுவது. இரண்டு கைப்பிடி வைத்த சொம்பில் நீர் மொண்டு முதலில் வலக்கைக்கும் பிறகு இடக்கைக்கும் ஊற்றுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லிதுவேனியாவில் வாழ்ந்த ரபி இஸ்ரேல் சலாண்டரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. விருந்துக்குப் போன வீட்டில் அவர் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த நீரில் கையை நனைத்துக்கொண்டார். தாராளமாக ஊற்றிக் கழுவுவதுதானே சிறப்பு என்று மற்றவர்கள் கேட்டார்கள். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்த வேலைக்காரப் பெண்ணை அவர் காட்டினார். அவள் தோளில் ஏறி நின்று தன்னால் புண்ணியம் தேட முடியாது என்றாராம்.

கை கழுவியபின் ரொட்டி வாயில் போகும்வரை பேசக்கூடாது. முழு வீடும், குழந்தைகள் உட்பட, ஒரு நிமிடம் அமைதியாகிறது. பத்து விரலும் ரொட்டியின்மேல். பூமியிலிருந்து ரொட்டியை விளைவிக்கும் இறைவனுக்கு நன்றி சொல்லும் அந்த எபிரேய வாழ்த்திலும் பத்துச் சொற்கள்தான். பூமியில் விளைவது கோதுமைதானே, ரொட்டி எங்கே விளைகிறது என்று கேட்கலாம். பதினொரு வேலை செய்தவர்களின் கையும் அந்தப் பூமியில்தான் அடங்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வாழ்த்துச் சொல்லாமல் உலகத்தில் எதை அனுபவித்தாலும் அது கோயில் சொத்தைத் திருடியது போல என்கிறது தால்மூத். பூமியும் அதில் உள்ளதும் ஆண்டவனுடையது என்று ஒரு சங்கீதம், பூமியை மனிதருக்குக் கொடுத்தார் என்று இன்னொரு சங்கீதம். முன்னது வாழ்த்துச் சொல்வதற்கு முன்பு உள்ள நிலை, பின்னது சொன்ன பிறகு வரும் நிலை என்று ரபிகள் இரண்டையும் இணைத்தார்கள்.

வாழ்த்துக்கும் வாய்க்கும் நடுவே இருக்கும் அந்த மௌனத்தைக் கலைக்க அனுமதி உண்டா? உப்பைக் கொண்டுவா என்று சொல்லலாம். பலிபீடத்தில் வைத்த காணிக்கைக்கெல்லாம் உப்பு இட்டதால், ஆலயம் போனபின் பலிபீடமாகிவிட்ட மேசையிலும் ரொட்டியை உப்பில் தொட்டுத்தான் தின்பார்கள். இன்னொன்றும் சொல்லலாம். மாட்டுக்குத் தீனி கலந்து வை என்று சொன்னால் மௌனம் கலைந்ததாகாது. களத்தில் வாய்க்கூடு போடாமல் விட்டார்களே, அந்த மாட்டுக்கு இங்கேயும் இடம் இருக்கிறது.

இந்தத் தடைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. விதைப்பிலிருந்து வாய்வரை ரொட்டி எங்கெல்லாம் நிறுத்தப்படுகிறதோ அங்கெல்லாம் யாராவது ஒருவர் நிற்கிறார். மூலையில் ஏழை, வரப்பில் ரூத், களத்தில் மாடு, பிசையும் தொட்டியருகே குரு, கிணற்றடியில் நீர் சுமக்கும் பெண். மெல்ல மென்று தின்னுங்கள், ஒவ்வொரு கவளத்தையும் ருசித்துத் தின்னுங்கள் என்று நமக்கு இப்போது கற்பிக்கும் நிதான உணவுமுறைகளில், சாப்பிடுகிறவர் மட்டும்தான் தட்டின் முன்னால் இருக்கிறார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இட்லியை விழுங்கி எழும் பழக்கம் எனக்கும் உண்டு. அதை விடுவதற்கு என் நாக்கை மட்டும் கவனிப்பது போதவில்லை. மாவாட்டியவரை நினைத்த நாட்களில்தான் கை தானாகவே நிதானப்பட்டது.

எவ்வளவு தின்பது என்பதற்கும் வழிகாட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்கருகே மருத்துவம் பார்த்துவந்த பெரும் சட்ட அறிஞர் மைமோனிடீஸ், பசித்தால் மட்டும் உண்ண வேண்டும், வயிறு நிறைய இன்னும் கால் பங்கு இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும் என்று சட்ட நூலிலேயே எழுதிவைத்தார். உடம்பைக் காப்பது இறைவனின் வழியில் நடப்பதன் பகுதி என்பது அவர் கருத்து. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் இருந்த ரவ் ஹூனா, சாப்பிட உட்காரும் முன் வாசற்கதவைத் திறந்துவைத்து, பசித்தவர் யாராயினும் வரலாம் என்று அழைப்பாராம். பிற்காலத்து ராவா என்ற அறிஞர் இதைக் கேட்டுவிட்டு, ஹூனாவின் மற்ற நற்செயல்களைத் தன்னால் செய்ய முடியும், இதை மட்டும் முடியாது என்றார். அவர் ஊரான மஹோஸாவில் கூட்டம் அவ்வளவு. முடியாததை முடியாது என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையையும் தால்மூத் மறைக்காமல் பதிந்துவைத்திருக்கிறது.

உண்ணும் முன் சொல்லும் வாழ்த்தை விதித்தவர்கள் ரபிகள். வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவே நேரடியாகக் கட்டளையிடுவது உண்டபின் சொல்லும் நன்றியைத்தான். பசியில் கடவுளை நினைப்பது பெரிய காரியமில்லை. வயிறு நிறைந்து கண் சொருகும்போதுதான் எல்லாம் மறக்கும். அதனால்தான் நிறைந்தபின் நன்றி சொல் என்று உபாகமம் சொல்கிறது. பின்னால் வந்தவர்களோ நிறையும்வரை காத்திருக்கவில்லை. ஓர் ஒலிவக்காய் அளவு ரொட்டி தின்றாலே முழு நன்றியும் சொல்ல வேண்டும் என்று தங்களுக்கே இறுக்கிக்கொண்டார்கள். வார நாட்களில் நன்றி சொல்லத் தொடங்கும் முன் மேசையில் உள்ள கத்தியை மூடி வைப்பது வழக்கம். பலிபீடக் கல்லில் இரும்பு படக்கூடாது, ஏனென்றால் இரும்பு ஆயுளைக் குறைப்பது.

சட்டத்தின் எழுத்து மட்டும் மிஞ்சி, நிற்க வேண்டிய மனிதர் காணாமல் போவதும் நடக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கோஷர் (யூத உணவுச் சட்டப்படியான) இறைச்சி அறுக்கும் பெரிய ஆலை ஒன்றில் குடியேற்ற அதிகாரிகள் சோதனை நடத்தி ஏறத்தாழ 390 பேரைக் கைது செய்தார்கள். அங்கே தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் செய்தியானபோது, கத்தி சுத்தமாக இருந்தால் போதுமா, கூலி சுத்தமாக இருக்க வேண்டாமா என்று யூதர்களே தங்களுக்குள் வலியோடு கேட்டுக்கொண்டார்கள். ரபி ஸல்மான் ஷக்டர்-ஷலோமி 1970-களிலேயே, மண்ணையும் நீரையும் கெடுத்து விளைந்த உணவைக் கோஷர் என்று சொல்லலாமா என்ற கேள்வியை எழுப்பியிருந்தார். 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய மாஸோன் என்ற அமைப்பு, கல்யாணம் போன்ற விருந்துகளுக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு மூன்றைப் பசித்தவருக்கு ஒதுக்கும்படி குடும்பங்களைக் கேட்டது. இஸ்ரேலில் 2003-இல் தோன்றிய ஓர் உணவு வங்கி, விருந்து மண்டபங்களில் மிஞ்சுவதைச் சேகரிக்கிறது. விலை போகாமல் வயலில் நிற்கும் காய்கனிகளையும் தொண்டர்களைக் கொண்டு பறிக்கிறது. அதன் பெயர் லெகெத். கை தவறி விழுந்த கதிருக்கு மிஷ்னாவில் வழங்கும் பெயர்தான் அது.

மேசைக்குத் திரும்பினால், விருந்து முடிந்திருக்கிறது. இரண்டாவது ரொட்டியில் பாதி மிச்சம். பயன்படக்கூடியதை அழிக்காதே என்ற கட்டளை, முற்றுகையிட்ட ஊரின் கனிமரங்களை வெட்டாதே என்ற போர்ச் சட்டத்திலிருந்து வளர்ந்தது. ரொட்டியை வீசி எறிவதே அவமதிப்பு என்று தால்மூத் தனியாகவும் சொல்லியிருக்கிறது. சிதறிய துணுக்குகளைக் காலில் மிதிபட விட்டால் வீட்டில் வறுமை சேரும் என்று நம்புகிறார்கள். துணியை உதறாமல் கையால் கூட்டி அள்ளுகிறார்கள்.

மிஞ்சிய பாதி ஞாயிறு வரை முட்டையில் தோய்த்து வறுத்ததாகவோ பால் புட்டாகவோ ஒப்பேறும். அதற்குமேல் காய்ந்துவிட்டால், இஸ்ரேலிய நகரங்களில் மதப் பற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலர் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். ரொட்டியை ஒரு பையில் போட்டு முடிச்சிட்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டியின் வெளிப்புறக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆடு வைத்திருப்பவரோ, புறாவுக்குப் போடுகிறவரோ, வேறு யாரோ வந்து அவிழ்த்துக்கொண்டு போகலாம். எடுப்பவர் முகத்தை மாட்டியவர் பார்ப்பதில்லை. விடியும்போது கைப்பிடி வெறுமையாக இருக்கிறது.